மிரட்டலுக்கு முன் ஒரு சுற்று

எங்கள் விளையாட்டுப் புத்தகத்தில் எல்லோரும் பாராட்டும் விதி ஒன்று இருக்கிறது. பதினாலாம் பக்கம். 'விதிகள்' என்று போட்டு அட்டையில் என் பெயர்தான் இருக்கிறது. ஆனால் அந்த விதியின் முதல் வரியை எழுதியது நான் இல்லை, என் மகள். அது ஒரு விதியாகப் போகிறது என்று நினைத்து அவள் எழுதவில்லை. யாராவது படித்து ஏதாவது செய்வார்கள் என்று நினைத்து எழுதியிருக்கலாம். நான் படித்தேன், பாராட்டினேன், விதியாக்கினேன்.

அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது என் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பகடை உருட்ட வேண்டும் என்பது என் இரண்டு வருஷத்து ஆசை. புத்தகத்தில் வரும் சாயம் பூசிய முகங்களை எல்லாம் வரைந்து கொடுத்தவள் அவள்தான். ஆட மட்டும் வரவில்லை. படிப்பு இருக்கிறது என்பாள், தலைவலி என்பாள். இந்த வயதில் அப்படித்தான் இருப்பார்கள் என்று நானும் எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

விளையாட்டு என்னவென்று சொல்லிவிடுகிறேன். மேஜையைச் சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ஒரு கதையை ஆளுக்கொரு பாத்திரமாக ஆடுவது. ஒருவர் கதையை நடத்துவார். நீங்கள் ஒரு வேட்டைக்காரன், எதிரே பாலத்தில் ஒரு பூதம் நிற்கிறது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்பார். செய்வதைச் சொல்லிவிட்டுப் பகடையை உருட்ட வேண்டும். பலித்ததா இல்லையா என்பதை விதிப் புத்தகம் சொல்லும். கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற ஆண்கள் இதைச் செய்கிறார்கள் என்றால் சிரிப்பு வரும். என் மச்சினன் இன்றைக்கும் சிரிக்கிறான்.

கதை நடத்துபவன் என் பள்ளிக்கூடத்து நண்பன். உப்பளம் பகுதியில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே மாடியில் வீடு. சொல்தா வீட்டுப் பிள்ளை. அவன் அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர். பாரீஸில் இருக்கும் பெரியம்மா பையன் ஒரு தடவை லீவுக்கு வந்தபோது இந்த விளையாட்டின் முதல் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தான். விதிகள் எல்லாம் பிரெஞ்சில். நண்பன் படித்துப் படித்துத் தமிழில் சொல்லுவான், நாங்கள் ஆடுவோம். நாலு வருஷம் கழித்து, அடுத்தவன் ஊர்ப் பனியிலேயே எத்தனை நாள் நடப்பது, நாமே ஒன்று செய்வோம் என்று ஆரம்பித்தோம். ஐந்து குலங்கள், உப்பங்கழி ஓரத்துச் சண்டை. போருக்கு முன் முகத்தில் சாயம் பூசுவார்கள். அந்தச் சாயமும் அதனால் வரும் மிரட்டலும் என் பொறுப்பு.

என்னிடம் விட்டதற்குக் காரணம் உண்டு. எனக்குச் சேதராப்பட்டில் வேலை. பிளாஸ்டிக் குருணைக்கு நிறம் சேர்க்கும் கம்பெனி. வாளி மூடியின் ஒரு துண்டை அனுப்பி இதே சிவப்பு வேண்டும் என்பார்கள். அதே சிவப்பைக் கொண்டுவருவது என் வேலை. டியூப் லைட்டில் ஒன்றாக இருக்கும் இரண்டு சிவப்பு வெயிலில் வேறு வேறாகிவிடும். கண் பழகியவனுக்குத்தான் தெரியும். எனக்குக் கண் பழகியிருந்தது. எதற்கெல்லாம் பழகவில்லை என்பது பிறகு தெரிந்தது.

சாயத்தை வீட்டில் கிடைப்பதை வைத்தே செய்வது என்று முடிவு செய்தேன். அடுப்புக்கரி ஒரு குலத்துக்கு. சுண்ணாம்பு ஒரு குலத்துக்கு. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்தால் சிவக்கும் என்பது ஆரத்தி எடுக்கும் எல்லா வீட்டுக்கும் தெரியும், அது மூன்றாவது குலத்துக்கு. துணிக்குப் போடும் நீலம் நாலாவது. ஐந்தாவது குலம் எதையும் பூசாது, புருவத்தை மட்டும் மழித்துக்கொள்ளும். எங்களில் பேங்க் வேலையில் இருப்பவர் ஆர்வம் தாங்காமல் சுண்ணாம்பைக் கன்னத்தில் அப்பிக்கொண்டு வந்து, திங்கட்கிழமை வெந்த கன்னத்தோடு கவுண்டரில் உட்கார்ந்தார். கஸ்டமர் எல்லோரும் விசாரித்தார்களாம். பூதம் அடித்தது என்று சொல்ல முடியுமா?

மகள் அப்போது பத்தாவது. ஐந்து குலத்து முகங்களையும் வரைந்து தந்தாள். முதலில் சாயம் இல்லாத வெறும் முகம் ஒன்றை வரைந்து, அதன் மேல் ஒவ்வொன்றாகப் போட்டாள். நன்றாக வரைவாள். நான் பின்னால் நின்று பார்த்தால் கை நின்றுவிடும். வெட்கம் என்று நினைத்தேன்.

சாயம் சுலபமாக முடிந்தது. மிரட்டல் விதிதான் வரவில்லை. கரிக்கு இரண்டு, சிவப்புக்கு நாலு என்று எண்கள் கொடுத்தேன். சாயத்தின் எண்ணோடு பகடையைக் கூட்டி, எதிராளியின் தைரியத்தைத் தாண்டினால் அவன் பயந்துவிட்டான் என்று அர்த்தம். 'சாயம் இல்லாத முகத்தைப் பார்த்தவனிடம் சாயம் பலிக்காது' என்று ஒரு விலக்கும் எழுதினேன். அதன் கீழே, 'ஆகவே சொந்தக் குலத்தாரிடம் மிரட்டல் செல்லாது' என்று ஒரு வரி. தினமும் பார்க்கிற முகத்துக்கு யார் பயப்படுவார்கள் என்று எனக்கு நினைப்பு. அந்த வரியை எழுதியபோது பெரிய உண்மையைக் கண்டுபிடித்துவிட்டதாக ஒரு டீயும் குடித்தேன்.

ஆடிப் பார்த்தோம். நண்பன் உதட்டைப் பிதுக்கினான்.

"மச்சான், எவனும் பயப்படல. எல்லாரும் கூட்டல் கணக்குதான் போடறானுங்க."

உண்மைதான். அப்போது ஒரு யோசனை வந்தது. ஆளுக்கொரு சீட்டு எடுத்து, நிஜமாகவே தனக்குப் பயம் தந்த ஒன்றை எழுத வேண்டும். பேய் பிசாசு கூடாது. அன்றாடம் நடப்பதாக இருக்க வேண்டும். பெயர் போடக் கூடாது. ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடியில் ஓட்டை போட்டு மேஜையில் வைத்தோம். சீட்டு போதவில்லை, வீட்டில் இருப்பவர்களிடமும் வாங்கி வாருங்கள் என்று நண்பன் சொன்னான். டப்பா வாரத்துக்கு ஒரு வீடு சுற்றியது. எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் மேலும் ஒரு வாரம் இருந்தது.

நானும் எழுதினேன். என் அப்பா மில் தொழிலாளி. மில் சங்கு ஊதி அரை மணியில் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்கும். மெதுவாகப் போட்டால் ஒன்றும் இல்லை. உதைத்துப் போட்டால் பெல்ட்டு. அந்தச் சத்தத்துக்கும் அவர் உள்ளே வருவதற்கும் நடுவில் கொல்லைப் பக்கம் ஓடி மறைந்துகொள்ள எனக்கு நேரம் இருக்கும். 'சைக்கிள் ஸ்டாண்டை உதைக்கும் சத்தம்' என்று எழுதிப் போட்டேன். நான் ஒரு நாளும் பெல்ட்டை எடுத்ததில்லை என்று அப்போதும் ஒரு பெருமை வந்தது. பெல்ட்டை எடுக்காத அப்பன் நல்ல அப்பன் என்பது நான் எனக்குப் போட்டுக்கொண்ட கணக்கு.

டப்பாவை உப்பளத்து மாடியில் கொட்டிப் பிரித்தோம். கதவு தட்டும் வீட்டு ஓனர் இருந்தார். ரிப்போர்ட்டைக் கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டு மறுபடி முதல் பக்கத்துக்குத் திரும்பும் டாக்டர் இருந்தார். குரைத்துக்கொண்டிருந்த நாய் திடீரென்று நிறுத்துவது ஒருவருக்கு. நடுவில் ஒரு சீட்டு, நிறுத்தி நிதானமாக எழுதியது. 'வாட்சைக் கழட்டி டேபிள் மேல வைக்கிறது.'

படித்ததும் பேங்க்காரர் முறுக்கைத் தட்டில் வைத்தார். நண்பன் தன் மணிக்கட்டைத் தடவிக்கொண்டான். நான்தான் துள்ளினேன். இதுதான், இத்தனை நாளாகத் தேடியது இதுதான் என்றேன். சாயம் மிரட்டாது, சாயத்தோடு வருகிறவன் நிதானமாகச் செய்யும் ஒரு சின்ன வேலை மிரட்டும். எழுதியது யாராக இருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு என்றேன்.

பிள்ளையின் கையெழுத்து எனக்குத் தெரியவில்லை. பத்து வருஷமாக ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட்டவன் நான். என் கையெழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன் போலிருக்கிறது.

அன்று சாயங்காலமே விதியை எழுதிவிட்டேன். சாயம் பூசிய தலைவன் மிரட்டுவதற்கு முந்தின சுற்றில், தன் உடம்பிலிருந்து ஒரு பொருளைக் கழற்றிக் கண்ணெதிரே கீழே வைக்க வேண்டும். காப்போ கழுத்துச் சங்கிலியோ. பார்த்தவர்களுக்கு ஒரு சுற்று அவகாசம். அதற்குள் ஓடலாம், ஒளியலாம், மண்டியிடலாம். எதுவும் செய்யாமல் நின்றால் மிரட்டல் முழுதாக இறங்கும். அந்த ஒரு சுற்றை நான் சேர்த்தது கருணையால். சைக்கிள் ஸ்டாண்டு ஞாபகத்தில் இருந்தது.

அடுத்த ஞாயிறு நண்பன் தலைவனாகி, ஒரு வார்த்தை பேசாமல் கையிலிருந்த காப்பைக் கழற்றி மேஜையில் வைத்தான். மற்ற நாலு பேரும் ஒரே நேரத்தில் ஓடறேன் என்றோம். பகடையைக் கூட யாரும் தொடவில்லை. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். வீட்டுக்கு வந்து சாப்பிடும்போது மகளிடம் சொன்னேன்.

"டப்பால யாரோ ஒரு சீட்டு போட்ருக்காங்க. அதுலேருந்துதான் பண்ணேன், கையில இருக்கறத கழட்டி வச்சா மிரட்டல். சூப்பரா வந்துடுச்சு."

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டாள். "கழட்டுனதும் ஓடிடலாமா?"

"ஒரு சுற்று டைம் இருக்கு. அதுக்குள்ள ஓடணும்."

"எங்க ஓடறது?"

"அது ஆடறவங்க பாடு" என்று சொல்லிவிட்டு ரசம் கேட்டேன்.

இப்போது நினைத்தாலும் அந்த ரசத்தை என் தலையில் கொட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அச்சுக்குப் போகும் முன் மாதிரிப் பிரதி ஒன்று வந்தது. கலர் படங்களோடு, தைக்காத தாள்களாக. பிழை பார்ப்பதற்காக சாப்பாட்டு மேஜையில் வைத்திருந்தேன். மகளும் பென்சிலோடு பார்த்துத் தருவதாகச் சொன்னாள். 'சொந்தக் குலத்தாரிடம் மிரட்டல் செல்லாது' என்ற வரிக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தாள். சந்தி பார்க்கச் சொல்கிறாள் என்று நினைத்துத் தமிழ் வாத்தியார் ஒருவரிடம் போன் போட்டுக் கேட்டேன். சரியாக இருக்கிறது என்றார்.

மறுநாள் கம்பெனியில் எனக்கு நல்ல அர்ச்சனை. ஷிஃப்ட் மேனேஜர் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். ஒரு லோடு நீலம் நிறம் ஒத்துப்போகாமல் திரும்பி வந்துவிட்டது. நாலு பேர் எதிரில், கண்ணாடி மாத்துங்க சார், இல்லாட்டி கண்ணை மாத்துங்க என்றார். சரிங்க சார் என்றேன். வீட்டில் புலி வெளியில் எலி என்பார்கள். எனக்காகவே சொன்ன மாதிரி இருக்கும்.

ஆறு மணிக்குக் கம்பெனி பஸ் இறக்கிவிட்டது. வீட்டுக்குள் நுழைந்தேன். மேஜையில் டீ கொட்டியிருந்தது. மாதிரிப் பிரதியின் பாதித் தாள்கள் நனைந்து, நீலக் குலத்து முகம் கரைந்து ஓடியிருந்தது. மகள் துணியை வைத்து ஒற்றிக்கொண்டிருந்தாள். மனைவி சமையலறையில் நின்றாள். நான் வாட்சைக் கழற்றி மேஜையின் ஈரமில்லாத மூலையில் வைத்தேன்.

மகள் துணியைப் போட்டாள். நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்திவிட்டு மாடிப்படி ஏறினாள். மனைவி அடுப்பை அணைத்தாள். அப்புறம் தெருப் பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அவசரம் இல்லை. என்றோ பழகி வைத்த வேலையைச் செய்வது போலச் செய்தார்கள்.

நான் வாயைத் திறந்தது திறந்தபடி நின்றேன். மேஜையில் நனைந்த பதினாலாம் பக்கம், அதன் பக்கத்தில் என் வாட்ச். 'ஓடலாம், ஒளியலாம், மண்டியிடலாம்.'

ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படி ஜன்னலைச் சாத்துவதைப் பார்த்திருக்கிறேன். கொசுவுக்காக என்று நினைத்திருந்தேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கூடாதே என்று என் மானத்தை அவள் இத்தனை வருஷமாகச் சாத்திக்கொண்டிருந்திருக்கிறாள்.

அது மாப்பிள்ளை வாட்ச். என் மாமனார் மண்டபத்தில் தன் கையாலேயே கட்டிவிட்டது. கல்யாணமான மூன்றாவது வருஷம் ஏதோ கோபத்தில் சுவரைக் குத்தியபோது கண்ணாடி தெறித்துவிட்டது. அதற்குப் பிறகு கோபம் வந்தால் முதலில் வாட்சைக் கழற்றிவிடுவது என் வழக்கமாகியிருக்கிறது. செருப்பைக் கழற்றுவது போல, கழற்றுவது எனக்கே தெரியாது. வாட்ச் உடையக் கூடாது என்று அத்தனை அக்கறை. நான் தினமும் அடிக்கிறவன் இல்லை. வருஷத்துக்கு இரண்டு முறை கை ஓங்கியிருந்தால் அதிகம். ஓங்கிய கை எல்லா முறையும் காற்றிலேயே நின்றதா என்று கேட்டால், இல்லை. மற்ற நாளெல்லாம் கத்தல், தட்டைத் தள்ளுவது, கதவை அறைவது. அதையெல்லாம் நான் கணக்கில் வைத்ததே இல்லை. வைத்துக்கொண்டவர்கள் வேறு ஆட்கள்.

அன்று நான் கத்தவில்லை. மனைவியிடம் கேட்டேன். "அந்தச் சீட்டு அவ எழுதுனதா?"

"யாரு எழுதிருப்பான்னு நெனச்சீங்க?"

"எப்பலேருந்து?"

"அவ ரெண்டாவது படிக்கும்போதே கண்டுபுடிச்சிட்டா. எங்கிட்ட வந்து ரகசியமா சொன்னா, அம்மா அப்பா வாட்ச கழட்டுனா நீ ரூமுக்கு வந்துடுன்னு." ஜன்னலைத் திறந்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தாள். "எனக்கு அதுக்கு முன்னாடியே தெரியும்."

டப்பாவில் அவள் சீட்டும் என் சீட்டும் ஒரு வாரம் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. என் அப்பாவைப் பற்றி நான் எழுதியதும், அவள் அப்பாவைப் பற்றி அவள் எழுதியதும். பெல்ட்டை எடுக்காதவன் என்ற என் பெருமை அந்தச் சாயங்காலத்தோடு போனது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். என் முதுகைப் பார்க்கத்தான் வீட்டில் இரண்டு பேர் இருந்தார்களே, கேட்டிருக்கலாம்.

நண்பனிடம் போய் அந்த விதியை எடுத்துவிடலாம் என்றேன். காரணம் சொல்லவில்லை, சொல்ல வாய் வரவில்லை. அவனுக்குப் பைத்தியம் பிடித்ததா என்பது போலப் பார்த்தான். புத்தகத்திலேயே அதுதான் உருப்படி என்றான். குலத்தார் விலக்கை மட்டும் அடித்தேன். அதுவும் இடமில்லை என்று சொல்லித்தான் அடித்தேன். கோழைத்தனத்துக்கு எல்லா இடத்திலும் இடம் கிடைக்கும்.

வாட்சைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டேன். இனி கட்டுவதில்லை என்று முடிவு. கைபேசியில் மணி தெரிகிறது, வாட்ச் எதற்கு? வெறும் மணிக்கட்டைப் பார்க்கும்போதெல்லாம் திருந்திவிட்டேன் என்று ஒரு நிம்மதி. அவர்களும் கவனித்திருப்பார்கள், சந்தோஷப்பட்டிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மன்னிப்புக் கேட்டேனா? கேட்கவில்லை. வாட்சைக் கட்டாமல் இருப்பதே மன்னிப்புக் கேட்ட மாதிரிதானே என்று விட்டுவிட்டேன். நடுவில் ஒரு நாள் ஸ்கூட்டர் சாவியைக் காணோம் என்று கத்தினேன். தட்டு ஒன்று பறந்தது. ஒரே ஒரு நாள்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

புத்தகம் அச்சாகி வந்தது. படங்கள் என்று போட்டு அவள் பெயரும் உள்ளே இருந்தது. உப்பளத்திலிருந்து பிரதிகளை எடுத்துவர அவளும் ஸ்கூட்டரில் வந்தாள். பதினொன்றாவது படிக்கிறாள் இப்போது. திரும்பும் வழியில் பழைய துறைமுகத்துப் பக்கம் நிறுத்தி ஆளுக்கொரு சோளம் வாங்கினோம். தன் படங்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பதினாலாம் பக்கத்தை வேகமாகத் திருப்பினாள். முகம் கொஞ்சம் மலர்ந்திருந்தது போலப் பட்டது. தைரியம் வந்து கேட்டுவிட்டேன்.

"வர ஞாயித்துக்கெழம நீயும் வாயேன். எம் பக்கத்துல உக்காந்து ஆடு. ஒரு தடவ."

அவள் சோளத்தின் மணிகளை ஒவ்வொன்றாக உதிர்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் மணிக்கட்டைப் பார்த்தாள்.

"வாட்ச் ஏம்ப்பா கட்றதில்ல?"

இதற்காகத்தானே நான் காத்திருந்தேன். "உனக்குத் தெரியுமேம்மா. அதான் கழட்டி உள்ள வச்சிட்டேன். இனிமே கட்டவே மாட்டேன்."

"கட்டிக்குங்கப்பா" என்றாள்.

"ஏன்?"

"அன்னிக்கு தட்டு எறிஞ்சீங்கல்ல. நான் பக்கத்துலயே உக்காந்திருந்தேன்." குரலில் கோபம் இல்லை. வீட்டுப்பாடத்தில் சந்தேகம் கேட்பது போலச் சொன்னாள். "முன்னாடி தெரியும். இப்ப எப்ப வரும்னே தெரியல."

சோளத்தை அப்படியே கையில் வைத்திருந்தேன். வீட்டு வாசலில் ஸ்கூட்டர் ஸ்டாண்டை மெதுவாகத்தான் போட்டேன்.

மறுநாள் காலை பீரோவைத் திறந்து துணியைப் பிரித்தேன். பேட்டரி தீர்ந்து முள் எட்டரையில் நின்றிருந்தது. மணி பார்ப்பதற்காக அவள் கேட்கவில்லையே. அப்படியே கட்டிக்கொண்டு சாப்பாட்டு மேஜைக்கு வந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தாள்.